வளரி, தீக்கடைகோல், கண்ணி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வளரி என்ற வளைந்த எறிகோல் இலக்கை அடித்துவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பி வருமாமே?

பதில்: வராது. எதையாவது அடித்த கோல் அங்கேயே வேகத்தை இழந்துவிடும். திரும்பிப் பறக்க அதற்கு விசை ஏது? குறி தவறினாலும் வராது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வேட்டைக்கு வைத்திருந்த பூமராங்குகளிலும் பெரும்பாலானவை திரும்பாதவைதான். திரும்புகிற வகை எடை குறைந்தது, இரண்டு கைகளும் விமான இறக்கை போலச் செதுக்கப்பட்டது. அதைச் செங்குத்தாகச் சுழற்றி எறியும்போது மேலே இருக்கும் கை முன்னோக்கியும் கீழே இருப்பது பின்னோக்கியும் போவதால், மேல்பாதியில் காற்றின் விசை கூடுகிறது. அந்த வித்தியாசமும் சுழற்சியும் சேர்ந்துதான் பாதையை வட்டமாக வளைக்கின்றன. வளரிக்கு ஒரு முனை கனத்த குமிழ், மறுமுனை மெலிந்த பிடி. போய் அடிப்பதற்கென்றே செய்த கருவி அது.

கேள்வி: அப்படியானால் மருது சகோதரர்களின் வளரி?

பதில்: சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1801 போரில் அவரே மருதுவுக்கு எதிரான படையிலும் இருந்தார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்று 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதுகிறார். அந்த வியப்பில் திரும்பி வருவது பற்றி ஒரு சொல்கூட இல்லை. 90 மீட்டரில் குறி தப்பாத கை போதாதா நமக்குப் பெருமைப்பட?

கேள்வி: நான் காணொளியில் பார்த்தேன் ஐயா, திரும்பி வந்தது.

பதில்: மறுபடி ஓடவிட்டு அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே கனமாக, தட்டையாக இருந்தால் அது பூமராங். யார் என்ன பெயர் வைத்தாலும் சரி.

கேள்வி: வளரி செய்ய எந்த மரம் நல்லது?

பதில்: மரத்தின் பெயரைவிட வளைவு முக்கியம். இயல்பாகவே வளைந்த, வைரம் பாய்ந்த கிளையாக எடுங்கள். நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, தரையில் மோதியதும் முறியும். திறந்த வெளியில், பக்கவாட்டிலும் ஆளில்லாமல், மண்மேட்டை நோக்கி எறிந்து பழகுங்கள். பறவை, அணில் மேல் வேண்டாம்.

கேள்வி: முயலுக்குக் கண்ணி வைப்பது எப்படி?

பதில்: சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கம்பிக் கண்ணி ஆள் பார்த்துப் பிடிக்காது. முயலுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டி, இடுப்பு அறுபட்டுச் சாகிறது.

கேள்வி: தீக்கடைகோல் சுழற்றிச் சுழற்றிக் கை கொப்பளித்துவிட்டது. புகை வருகிறது, தீ வரவில்லை.

பதில்: புகை வந்துவிட்டதா? பாதி தூரம் வந்துவிட்டீர்கள். கோல் சுழல்கிற அடிக்கட்டையின் குழியிலிருந்து விளிம்பு வரை முக்கோணமாக ஒரு வெட்டு இருக்கிறதா பாருங்கள். சூடான தூள் ஒரே இடத்தில் குவிய வேண்டும், அதற்குக் காற்றும் வேண்டும். வெட்டு இல்லையென்றால் தூள் குழியைச் சுற்றிச் சிதறி ஆறிவிடும். தூளின் நிறம் எல்லாவற்றையும் சொல்லும். வெளிர்பழுப்பு என்றால் வேகமோ அழுத்தமோ போதவில்லை, கறுப்பு என்றால் சரியான வழியில் போகிறீர்கள். கட்டை நன்றாகக் காய்ந்ததாக, நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற மென்மரமாக இருக்கட்டும். கங்கு பிடித்ததும் அவசரப்பட்டு ஊதாதீர்கள். அது தானாகக் கொஞ்சம் வளரட்டும். அப்புறம் கசக்கிய தேங்காய் நாருக்குள் வைத்து மெல்ல ஊதுங்கள்.

கேள்வி: கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்துத் திசை பார்க்கலாமா?

பதில்: நம் ஊரில் நம்பாதீர்கள். அது குளிர்நாட்டு வழி. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, முள் தலைகீழாகக் காட்டும். ஒரு குச்சியை நட்டு நிழல் நுனியில் கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு.

கேள்வி: காட்டுப்பன்றிக்கு மட்டும் கண்ணி வைக்கலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் கூடாது. அதைக் கடித்த யானை தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

கேள்வி: வளரி திரும்பி வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஓடைத் தண்ணீர்?

பதில்: துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். பூச்சிமருந்து கலந்த நீருக்கு இது உதவாது.

கேள்வி: காட்டில் பாம்பு கடித்தால் என்ன மூலிகை?

பதில்: மூலிகை இல்லை. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.