அன்பாக இருக்கும் தம்பதிகளும் ஏன் துணை மாற்றிக்கொள்கிறார்கள்?

ஸ்விங்கிங் என்பார்கள். ஒரு தம்பதி, இருவரும் மனசாரச் சம்மதித்து, ஒருவருக்கொருவர் தெரிந்தே இன்னொரு ஜோடியோடு உடலுறவுக்காகத் துணையை மாற்றிக்கொள்வது. அமெரிக்கப் பத்திரிகைகள் ஒருகாலத்தில் இதை 'மனைவி மாற்று' என்றே எழுதின, மனைவி என்னவோ வீட்டுச் சாமான் மாதிரி. கலிஃபோர்னியாவின் டோபாங்கா மலைப்பகுதியில் 1969-ல் ஜான், பார்பரா வில்லியம்சன் தம்பதி சாண்ட்ஸ்டோன் என்ற இடத்தையே இப்படிப்பட்ட திறந்த உறவுகளுக்காகத் தொடங்கினார்கள்.

சரி, அன்பு இருக்கும்போது இது எதற்கு? இப்படி மாற்றிக்கொள்ளும் தம்பதிகளுக்கு அன்பும் உடல் ஆசையும் ஒன்றல்ல. பல வருடம் சேர்ந்து வாழ்ந்தால் நெருக்கம் கூடும், புதுமை குறையும். அந்தப் புதுமையைத் திருட்டுத்தனமாகத் தேடாமல், யாரோடு, எதுவரை, எது கூடவே கூடாது என்று முன்பே உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள், ஒருவர் 'வேண்டாம்' என்றால் அந்த நிமிடமே நிறுத்துவது உட்பட. பொறாமை வராதா? வரும். அதையும் வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறார்கள்.

இவர்கள் பேசி வைத்துக்கொள்ளும் விதிகளும் வெள்ளிக்கிழமை விரதம் மாதிரிதான். ஒரு வீட்டில் காபி குடித்தாலே விரதம் போச்சு, பக்கத்து வீட்டில் பாலும் வாழைப்பழமும் தாராளம். விதி வீட்டுக்கு வீடு வேறு, ஆனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து தின்றால் எந்த வீட்டிலும் அது மீறல்தான்.

அப்புறம், உடைந்துகொண்டிருக்கும் கல்யாணத்தை இது ஒட்டவைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒட்டாது, விரிசல்தான் பெரிதாகும், அதிலும் 'விட்டுப் போய்விடுவாரோ' என்ற பயத்தில் ஒருவர் தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று பெயரே இல்லை.