ஏபிஐ 10 கட்டுரைகளை மட்டும் தருகிறது, பைவிக்கிபாட் நிறுவ வேண்டுமா?

கேள்வி இதுதான்: தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பகுப்பில் உள்ள கட்டுரைப் பெயர்களை எடுத்து, கையில் இருக்கும் எக்செல் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் வைத்து ஏபிஐயை (நிரல்கள் ஒரு தளத்திடம் தரவு கேட்கும் வழி) கூப்பிட்டால் 10 பெயர்கள்தான் வருகின்றன. இதற்கென்று தனி லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) போட வேண்டுமா?

போடுங்கள். ஒரே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போவதென்றால் ரிக்வெஸ்ட்ஸே போதும். உங்கள் வேலை அதைத் தாண்டிவிட்டது.

முதலில் அந்த 10. நாம் எண் எதுவும் சொல்லாவிட்டால், விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியின் ஏபிஐ பகுப்பிலிருந்து 10 பெயர்களோடு நிறுத்திக்கொள்ளும். சொன்னால் 500 வரை தரும், தானியங்கி (பாட்) உரிமை உள்ள கணக்குக்கு 5000 வரை. இன்னும் மீதி இருந்தால் பதிலோடு 'கன்டினியூ' என்று ஒரு துண்டு வரும். அதை அடுத்த கோரிக்கையில் சேர்த்து அனுப்ப வேண்டும், அது வராமல் போகும்வரை. இந்த லூப்பை நீங்களே எழுதிவிடலாம். ஆனால் அதோடு முடியாது. நீங்கள் யார் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் வைக்க வேண்டும், சர்வர் திணறினால் காத்திருக்க வேண்டும், நாளைக்கே திருத்தவும் வேண்டும் என்றால் லாகின், டோக்கன் (திருத்தத்தோடு அனுப்ப வேண்டிய பாதுகாப்புக் குறி). ஏபிஐயைக் கூப்பிடுவது சுலபம், அதனிடம் நடந்துகொள்ளத் தெரிந்திருப்பதுதான் லைப்ரரியின் வேலை.

பைவிக்கிபாட் என்கிற லைப்ரரிதான் என் தேர்வு. எம்டபிள்யூகிளையன்ட் இதைவிடச் சின்னது, அதுவும் நல்லதே. 'விக்கிப்பீடியா' என்ற பெயரிலேயே பிப்பில் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) ஒன்று கிடைக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் கடைசி வெளியீடு 2014இல் வந்தது.

நிறுவும்போது முதலில் ஒரு வென்வ் (தனியான பைத்தான் சூழல்) உருவாக்கி, அதற்குள் நுழைந்துகொண்டு 'பிப் இன்ஸ்டால் பைவிக்கிபாட்' கொடுங்கள் (டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான், சொல்லவே வேண்டாம்). வென்வ் இல்லாமல் செய்தால் புதிய உபுண்டு, டெபியனில் 'இந்தச் சூழல் வெளியே நிர்வகிக்கப்படுகிறது' என்று பிப் மறுத்துவிடும். அதை மீறுவதற்குக் கட்டளையோடு சேர்க்கும் ஒரு கொடி (ஃபிளாக்) உண்டு, இணையத்தில் பலரும் அதைத்தான் சொல்வார்கள். கணினியின் சொந்த பைத்தானோடு விளையாட வேண்டாம் என்பது என் கட்சி. பிறகு 'பிடபிள்யூபி' கட்டளையோடு 'ஜெனரேட் யூசர் ஃபைல்ஸ்' ஸ்கிரிப்டை ஓட்டினால் எந்தத் தளம், எந்த மொழி, என்ன பயனர் பெயர் என்று கேட்டு, அமைப்புக் கோப்பை அதுவே எழுதிவைக்கும். மொழிக்கு 'டிஏ' கொடுங்கள்.

அதன்பின் நிரல் நாலைந்து வரிதான்: சைட் ஒன்று, அதை வைத்து கேட்டகரி ஒன்று, அதன் ஆர்ட்டிகிள்ஸ் மேல் ஒரு ஃபார் லூப். 'பகுப்பு:' என்ற முன்னொட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். கன்டினியூ பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

உண்மையான தலைவலி ஒப்பிடும்போதுதான் ஆரம்பிக்கும். 'கோயம்புத்தூர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கி தரும் தலைப்பின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 13. உங்கள் எக்செலில் உள்ள அதே சொல் 14 காட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். மீடியாவிக்கி எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட குறிகளை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றியே வைக்கும், உங்கள் பட்டியலுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் உண்டு. ஒப்பிடும் முன் ஒவ்வொரு பெயரையும் அதில் ஒருமுறை போட்டு எடுங்கள்.

ஔகாரத்தை அதுவும் காப்பாற்றாது. 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருந்தால், யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல். 'தேடு, மாற்று' போட்டுச் சரிசெய்யலாம் என்று தோன்றும். செய்துவிடாதீர்கள், 'கெளுத்தி' மீனும் அதில் சிக்கி உகரக் குறி அந்தரத்தில் தொங்கும். அந்த மாதிரிச் சொற்களைத் தனியே ஒதுக்கிக் கண்ணால் பாருங்கள்.

எக்செலிலிருந்து யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்திருந்தால் திறக்கும்போது என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். இல்லையென்றால் கோப்பின் முதல் சொல்லோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, அது மட்டும் பொருந்தாமல் நிற்கும். இதற்கெல்லாம் பிறகும் காணாமல் இருக்கும் பெயர்களில் சில வழிமாற்றுகளாக (வேறொரு தலைப்புக்குக் கொண்டுபோகும் பக்கங்கள்) இருக்கக்கூடும். 'இஸ் ரீடைரக்ட் பேஜ்' என்று கேட்டால் தெரிந்துவிடும்.

படிப்பதற்கு மட்டுமென்றால் கடவுச்சொல்லே வேண்டாம். பக்கங்களைத் திருத்தும் எண்ணம் இருந்தால் உங்கள் அசல் கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாதீர்கள். விக்கியிலேயே தானியங்கிகளுக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்கும் சிறப்புப் பக்கம் இருக்கிறது. அதற்கு என்னென்ன உரிமை என்பதை நீங்களே டிக் செய்யலாம், வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம். முதலில் '-சிமுலேட்' போட்டு ஓட்டுங்கள், எதுவும் சேமிக்காமல் என்ன செய்திருக்கும் என்று காட்டும். உண்மையாக ஓட்டும்போது ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நொடி விடுவதுதான் பைவிக்கிபாட்டின் இயல்பு அமைப்பு. மெதுவாக இருக்கிறதே என்று அதைக் குறைக்காதீர்கள். நிறையப் பக்கங்களைத் தொடப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) ஒரு வார்த்தை கேட்டு, தானியங்கிக்குத் தனிக் கணக்கும் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.