பழைய பல்ஸ் ஜெனரேட்டரை வைத்துக்கொள்ளலாமா?

மட்டக்களப்பில் ஒரு ஆய்வுகூடம் கழித்துவிட்ட பல்ஸ் ஜெனரேட்டர் (குறுகிய மின் துடிப்புகளை உருவாக்கும் கருவி) கைக்கு வந்திருக்கிறது, பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் உடனே பிளக்கில் செருக வேண்டாம். பின்பக்கத்தில் வோல்ற்றேஜ் சுவிச் இருந்தால், அது 115இல் நிற்கிறதா 230இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய எலக்ட்ரோலைட்டிக் கொள்ளளவிகள் காய்ந்திருக்கலாம். வாவிக் காற்று வேறு, சுவிச்சுகளைக் களிம்பேற்றியிருக்கும்.

இதன் வெளியீட்டுத் தடை பெரும்பாலும் 50 ஓம். துடிப்பைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்பின் முனையிலும் 50 ஓம் தடை போடுங்கள். இல்லாவிட்டால் துடிப்பின் உயரம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த வேலை, அறுந்த கோஆக்சியல் கேபிளுக்குள் குறுகிய துடிப்பை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பதுதான். ஆர்ஜி-58 கேபிளில் ஒரு மீட்டர் போய்வரச் சுமார் 10 நானோசெக்கன். எதிரொலி 200 நானோசெக்கனில் வந்தால் அறுந்த இடம் 20 மீட்டரில். கேபிள் அறாமல் ஷார்ட் ஆகியிருந்தால் எதிரொலி தலைகீழாக வரும்.