புழு, நாற்றம், 'மக்கும்' பை: வாசகர் கேள்விகள்

கே: மாடியில் வைத்திருக்கும் உரத்தொட்டியில் புழு நெளிகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (தாம்பரம்)

ஒன்றும் அடிக்காதீர்கள். தடித்து, பழுப்பேறி, உடம்பில் வரிவரியாக இருந்தால் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கடிக்காது, கழிவை மடமடவென்று தின்று தீர்க்கும். பார்க்க அருவருப்பாக இருந்தால் மேலே நாலு விரற்கடை காய்ந்த இலை போட்டு மூடுங்கள்.

கே: உரம் சரியாக வரவில்லை. ஏன்?

எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், தொட்டியில் ஓட்டை உண்டா, போட ஆரம்பித்து எத்தனை நாள்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் காய்ந்த இலை போதவில்லை. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு இலை. புளித்த மோர் கொஞ்சம் தெளிக்கலாம். இரண்டு, மூன்று மாதம் பொறுங்கள்.

கே: பால் பாக்கெட்டைக் கடையில் எடுப்பார்களா?

கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பல பழைய பேப்பர் கடைகளில் எடுப்பார்கள். வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாதீர்கள். அந்தக் குட்டித் துண்டை யாரும் பொறுக்கமாட்டார்கள், நேரே சாக்கடைதான்.

கே: சமையலறைக் கழிவை 'மக்கும்' என்று அச்சடித்த பச்சைப் பையில் கட்டித்தான் குப்பை வண்டியில் போடுகிறோம். எங்கள் தெருவிலேயே நாங்கள்தான் முன்மாதிரி! (வேளச்சேரி)

இந்தக் கடிதம் மாதம் ஒன்றாவது வந்துவிடுகிறது. அம்மா, அந்தப் பையின் நிறம் பச்சை, படம் இலை. இரண்டுமே சான்று ஆகாது. ஐஎஸ் 17088 என்ற, மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரக்குறியும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்தத் தரம் தொழிற்கூட உரக்குவியலுக்கு, சுமார் 60 டிகிரி சூட்டுக்கு, உரியது. உங்கள் பூந்தொட்டியில் அந்தச் சூடு வராது. குப்பைமேட்டில் புதைந்தாலும் அது மக்கும் என்று நம்ப முடியாது. அதைவிட, முடிச்சுப் போட்ட பையை அவிழ்ப்பது யார்? தூய்மைப் பணியாளர் கையால் கிழித்து, உள்ளே பிளேடா டயப்பரா என்று தெரியாமல் துழாவுகிறார். நேரமில்லாத நாளில் அவிழ்க்காமலே போய்விடும். நீங்கள் பிரித்ததும் வீண், அவர் உழைப்பும் வீண். சென்னையின் குப்பைமேடுகளான பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்தபோது சல்லடையில் பிளாஸ்டிக் பைகளும் மாட்டின. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதற்குப் பிறகுதான் இந்தப் பச்சைப் பை மோகம். மூடி போட்ட வாளி ஒன்று வாங்குங்கள். அடியில் காய்ந்த இலை போடுங்கள். வண்டி வந்ததும் கவிழ்த்துவிட்டு, வாளியைக் கழுவி வையுங்கள். பையே வேண்டாம்.

கே: பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் பயோ என்சைம் (வீடு துடைக்கும் திரவம்) பாட்டில் வெடித்துவிட்டது.

கண்ணாடிப் பாட்டில் வேண்டாம் என்று எத்தனை தடவை எழுதுவது! ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். மூன்று மாதத்தில் தயார்.

கே: டீக்கடைப் பேப்பர் கப்பில் நாற்று விடலாமா?

விடலாம். நடும்போது கப்பைக் கழற்றிவிடுங்கள். உள்பூச்சு பிளாஸ்டிக்.