22 பெட்டி போட்டேன், 17 தான் வருது: ரயில் சிமுலேட்டர் ஆட்-ஆன் கேள்வி பதில்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னைக்குள்ளேயே ரயில் சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு) ஆடுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. கேட் மூடினால் எரிச்சல்படாமல், வரப்போவது சரக்கு வண்டியா, யூனிட்டா (மின்சார லோக்கல் ரயில்) என்று பந்தயம் கட்டுகிறவர்கள். பள்ளி லீவு விட்டதும் ஆட்-ஆன் (விளையாட்டில் நாமே கூடுதலாகச் சேர்க்கும் பெட்டி, இன்ஜின், ரூட்) சந்தேகங்கள் குவிந்துவிட்டன. என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை, பிளஸ் டூ மாணவர்: அண்ணே, ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டரில் 22 பெட்டி ரேக் (கோர்த்த பெட்டி வரிசை) ஒன்று இறக்கிப் போட்டேன். ஓட்டினால் 17 தான் வருது. மீதி எங்கே?

உன் டிஸ்க்கிலேயேதான் இருக்கும் தம்பி. விளையாட்டின் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் டெஸ்க்டாப்பில் 'ஓப்பன்ரெயில்ஸ்லாக்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வந்து விழும். குப்பை என்று நினைத்து அழித்திருப்பாய். இனி அழிக்காதே. திறந்து, 'மிஸ்ஸிங்' என்ற வார்த்தையைத் தேடு. எந்தப் பெட்டியை எந்த இடத்தில் தேடி ஏமாந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ரேக்கின் வரிசை கன்சிஸ்ட் ஃபைலில் இருக்கிறது. அதில் ஒரு பெட்டிக்கு இரண்டே விஷயம்: பெட்டி ஃபைலின் பெயர், அது இருக்கும் ஃபோல்டரின் பெயர். அந்த ஃபோல்டர் 'டிரெயின்செட்'டுக்கு நேர் கீழே, எழுத்து பிசகாமல் அதே பெயரில் இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடும். இல்லையென்றால் இரண்டாம் முறை இறக்கியதால் பெயரின் வாலில் ஒரு '(1)' ஒட்டிக்கொள்ளும். உன் ஐந்து பெட்டியும் ஒரே ஜிப்பில் வந்திருந்தால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். உள்ளே இருப்பதை ஒரு படி மேலே இழுத்து விடு, போதும்.

திருவொற்றியூர்: புது ரூட் (ஓட்டுவதற்கான ரயில் பாதை) போட்டதிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ரூட் திறக்கவே மாட்டேன் என்கிறது.

இது நானே பட்ட அடி. எங்கிருந்தோ இறக்கிய ஒரு ரூட், கூடவே தன்னுடைய 'குளோபல்' ஃபோல்டரையும் கொண்டு வந்தது. "ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா?" என்று விண்டோஸ் கேட்டதும் யோசிக்காமல் 'எல்லாவற்றுக்கும் சரி' என்று தட்டிவிட்டேன். தண்டவாளத் துண்டுகளின் அளவு, வளைவெல்லாம் எழுதியிருக்கும் டி-செக்‌ஷன் ஃபைல் அந்த குளோபலில்தான் இருக்கிறது. என்னிடம் இருந்தது புதுசு, வந்தது பல வருடம் பழசு. புது ஃபைலில் மட்டும் இருக்கிற துண்டுகளை நம்பிப் போட்ட ரூட்டுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பேக்கப் கிடையாது. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போச்சு.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ரூட்டுக்கு ஒரு தனி ஃபோல்டர். அதற்குள்ளேயே அதற்கான ரூட்ஸ், டிரெயின்ஸ், குளோபல், சவுண்ட் நான்கும். ஓப்பன் ரெயில்ஸின் ஆப்ஷன்ஸில் 'கன்டென்ட்' பக்கத்தில் எத்தனை ஃபோல்டர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரே பெட்டி நான்கு இடத்தில் கிடக்கும், டிஸ்க்கும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்தான். தின்னட்டும். ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும்.

ராயபுரம்: ஃபோல்டரைச் சேர்த்தேன் சார், ரூட் பட்டியலில் வரவில்லை.

'ரூட்ஸ்' ஃபோல்டரையே காட்டியிருப்பீர்கள். அதற்கு ஒரு படி மேலே இருப்பதைக் காட்டுங்கள்.

வியாசர்பாடி: ஸ்டீம் (விளையாட்டு விற்கும் ஆன்லைன் கடை) வழியாக வாங்கிய டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் விளையாட்டில் இன்ஜின் ஹாரனை மாற்றி வைத்திருந்தேன். அப்டேட் வந்ததும் பழைய ஹாரனே திரும்பிவிட்டது. ஸ்டீம் அப்டேட்டை நிறுத்த முடியுமா?

அடியோடு நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். லைப்ரரியில் விளையாட்டின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அப்டேட்ஸ். அதில் 'விளையாட்டைத் திறக்கும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்களுக்கு இதனால் காசும் மிச்சம். ஆனால் ஃபைல்களைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' பட்டனைத் தட்டினால் கம்பெனி ஃபைல்கள் அத்தனையும் பழையபடி வந்துவிடும். நீங்கள் மாற்றிய ஃபைல்களை மட்டும், உள்ளே இருக்கும் அதே ஃபோல்டர் அமைப்போடு, வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் முடிந்ததும் மேலே போட்டுவிடலாம்.

இன்னொன்று. இலவச ரூட் என்று ஆசையாக இறக்குவதற்கு முன் அதன் தேவைப் பட்டியலைப் படியுங்கள். பல இலவச ரூட்டுகள் காசு கொடுத்து வாங்கும் இரண்டு மூன்று ஆட்-ஆன்களில் இருந்துதான் மரத்தையும் வீட்டையும் எடுக்கின்றன. அவை இல்லையென்றால் வெறும் பொட்டலில்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

மூலக்கடை: ஓப்பன் ரெயில்ஸில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று பதிப்பு இருக்கிறதே, எதைப் போடுவது?

ஸ்டேபிள். அதிலும் பாதியில் சேமித்து வைத்த ஆட்டம் இருந்தால் முடித்துவிட்டு மாறுங்கள். பழைய பதிப்பில் சேமித்தது புதியதில் திறக்கும் என்று நம்ப முடியாது. புதுசு பார்த்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் தனி ஃபோல்டரில் இரண்டாவதாகப் போட்டுப் பாருங்கள். செட்டிங்ஸ் வழக்கமாக விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால் இரண்டுக்கும் பொதுவாகிவிடும், கவனம்.

பெரம்பூர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்: தம்பி, யார்டில் நின்ற பெட்டிகளை டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினில் கோர்த்தேன். பிரேக் ரிலீஸ் ஆகவே இல்லை. பெட்டி ஆட்-ஆனில் கோளாறா?

ஐயா, உங்களிடம் பிரேக் பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் சொல்கிறேன். நிஜத்தில் கோர்த்ததும் ஒருவர் இறங்கி ஹோஸ் (பிரேக் காற்றுக் குழாய்) மாட்டுவார் அல்லவா, இங்கே அந்த ஆள் நீங்கள்தான். கோர்த்த பிறகு கீபோர்டில் பேக்ஸ்லாஷ் கீயைத் தட்டுங்கள், ஹோஸ் இணையும். அப்புறம் எஃப்9 தட்டி ஒவ்வொரு பெட்டியின் ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள். பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் ஏறும் வரை பொறுமையாக இருங்கள். நீள ரேக் என்றால் ஒரு டீ குடிக்கலாம்.

அப்படியும் விடவில்லையென்றால் பெட்டியின் வேகன் ஃபைலைத் திறந்து பிரேக் வகையைப் பாருங்கள். பழைய ஆட்-ஆன் சிலவற்றில் வேக்குவம் (வெற்றிட பிரேக்) என்று இருக்கும். ஏர் பிரேக் இன்ஜினில் அதைக் கோர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.