கம்பம் ஏறும் ரோபோ உச்சியில் தானாக நின்று, பிறகு இறங்க என்ன வயரிங்?

மைக்ரோகண்ட்ரோலர் தேவையே இல்லை. நடுவில் ஆஃப் உள்ள ஆறு கால் டாகிள் சுவிட்ச் போதும்: நடுக்கால் இரண்டில் 12 வோல்ட் மோட்டார், ஒரு முனைக்கால்களில் பேட்டரி, அங்கிருந்து மறுமுனைக்குக் குறுக்காக இரண்டு வயர். ஒரு பக்கம் தட்டினால் ஏறும், மறுபக்கம் தட்டினால் இறங்கும்.

மோட்டார் வயர் ஒன்றில், உச்சியில் முட்டி அழுந்தியதும் கரண்டைத் துண்டிக்கும் லிமிட் சுவிட்ச். இதை மட்டும் வைத்தால் ரோபோ உச்சியிலேயே மாட்டிக்கொள்ளும். இறங்கவும் கரண்ட் வராது. அதனால் லிமிட் சுவிட்சின் இரு காலுக்கும் இடையே 3 ஆம்பியர் டையோடு, இறங்கும் திசைக்கு மட்டும் வழிவிடும்படி. திருப்பிப் போட்டால் உச்சியில் நிற்காது, கியர் பல் உடையும்.

மோட்டார் 2 ஆம்பியருக்குள் இழுத்தால் 3 ஆம்பியர் ஃபியூஸ். கரண்ட் நின்றதும் சறுக்காமலிருக்க வார்ம் கியர் மோட்டாரே நல்லது.

மண்டபம், பாம்பன் உப்புக்காற்றில் திறந்த பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு ஏறி, மோட்டார் விட்டுவிட்டு ஓடும். எல்லா இணைப்பையும் சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிவிடுங்கள்.