வளர்த்தவர்கள் வாடகைதாரர்கள், தெரிந்திருந்தவர் நீங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை, கணினி வேலை செய்வதாகச் சொன்ன இரண்டு இளைஞர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் விட்டேன். வாடகை 18,000 ரூபாய், முன்பணம் 1,50,000 ரூபாய். ஏழு வாரங்களுக்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனபோது, என் தாயார் கடைசி நாட்களைக் கழித்த அறையில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, போதைக் காளான் வளர்ப்பதைக் கண்டு நெஞ்சு வெடித்துவிட்டது. சுவரெல்லாம் ஈரம் ஏறிப் பாழாகிக் கிடக்கிறது. கொல்லையில் நான்கைந்து கஞ்சாச் செடிகளும் நின்றன. சத்தம் போட்டேன். "காளான் இந்த மலையில் மாட்டுச் சாணத்தில் தானாக முளைப்பது, அது சட்டத்தில் இல்லை, வெளிநாட்டில் மன அழுத்தத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள், நாங்கள் அளவோடுதான் பயன்படுத்துகிறோம்" என்று கெஞ்சினார்கள். "சீக்கிரம் நிறுத்துங்கள், அதுவரை வாடகை கூடுதலாகத் தர வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன்; மாதம் 5,000 ரூபாய் கூட்டி அனுப்புகிறார்கள். வார இறுதியில் வெளியூர் ஆட்கள் வந்து தங்குவதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு, வீட்டைக் கெடுத்ததற்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? நம்பி வீடு கொடுத்தவனை ஏமாற்றியவர்களைச் சும்மா விடுவதா?

பதில்: ஐயா, உங்கள் தாயார் இருந்த அறைக்கு நேர்ந்ததைக் குறித்து உங்களுக்குள்ள வேதனை நியாயமானது. ஆனால் அந்த வேதனைக்கும், சுவரில் ஏறிய ஈரத்துக்கும், நம்பிக்கைத் துரோகத்துக்கும் இந்த விஷயத்தில் சட்டம் எந்த மதிப்பும் தரப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுவது ஒரே ஒரு சொல்தான்: "ஏழு வாரங்களுக்கு முன்". அந்த நாள் வரை நீங்கள் ஏமாந்த வீட்டுக்காரர். அந்த நாளுக்குப் பிறகு, தெரிந்தே வீட்டை விட்டுவைத்திருப்பவர்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது நாம் என்.டி.பி.எஸ். என்று அழைக்கும் சட்டம், தன் 25ஆம் பிரிவில் இதைத் தனியாகவே சொல்கிறது. ஒரு வீட்டின் உரிமையாளரோ, அதில் குடியிருப்பவரோ, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, அந்த இடத்தில் இன்னொருவர் இச்சட்டப்படியான குற்றத்தைச் செய்வதைத் தெரிந்தே அனுமதித்தால், அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதுவே அவருக்கும் தண்டனை. நீங்கள் காளானைத் தொட்டிருக்க வேண்டியதில்லை, ஒரு பைசா லாபம் பார்த்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததும் அனுமதித்ததும் போதும். உங்கள் விஷயத்தில் தெரிந்ததற்கு உங்கள் வாட்ஸ்அப் செய்தியே சாட்சி; அனுமதித்ததற்கு அந்த 5,000 ரூபாய் சாட்சி.

இளைஞர்கள் சொன்ன "காளான் சட்டத்தில் இல்லை" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. என்னிடம் வரும் பலர் அந்தப் பாதியை நம்பித்தான் அகப்பட்டிருக்கிறார்கள். பயிரிடுவதையே குற்றமாக இச்சட்டம் பெயர் சொல்லித் தடுப்பது கோகோ, அபினிக் கசகசா, கஞ்சா ஆகிய மூன்று செடிகளைத்தான். காளான் அந்த வரிசையில் இல்லை. ஆனால் காளானுக்குள் இருக்கும், போதை தரும் வேதிப்பொருள்களான சைலோசிபின், சைலோசின் ஆகிய இரண்டும் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் தானாக முளைத்து நிற்பது யாருடைய குற்றமும் ஆகாது. அதைப் பறித்தோ வளர்த்தோ வீட்டில் வைத்திருந்தால், தடைசெய்யப்பட்ட பொருளைக் கைவசம் வைத்திருந்ததாக 22ஆம் பிரிவில் வழக்கு வரும்.

எவ்வளவு தண்டனை என்பது எடையைப் பொறுத்தது. அந்த எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் நீதிமன்றங்களில் சண்டை நடக்கிறது. சைலோசிபினுக்குச் சிறிய அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. சாணத்தில் முளைக்கும் இந்த வகைக் காளானின் காய்ந்த எடையில் சைலோசிபின் பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அப்படியானால் 100 கிராம் காய்ந்த காளானில் உள்ளது சுமார் 1 கிராம். வேதிப்பொருளின் எடையைப் பார்த்தால் அது சிறிய அளவு, மொத்த எடையைப் பார்த்தால் வணிக அளவு. ஒரே பொட்டலம் ஓராண்டுக்கும் இருபதாண்டுக்கும் நடுவே நிற்கிறது. பச்சைக் காளான் என்றால் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் மகஜரில், அதாவது பறிமுதலின்போது எழுதப்படும் பதிவில், எடை எழுதப்படும்.

2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருளோடு கலந்த போதையற்ற பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது. அது கலவைக்குச் சொன்னது. காளான் இயற்கையாக விளையும் பொருள், கலவை அன்று என்று 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் கூறியது. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்களின் கருத்தோடு தான் உடன்படுவதாகவும் சொன்னது. இது நல்ல வாதம், நானே நீதிமன்றத்தில் வைப்பேன். ஆனால் அது ஜாமீனுக்காக நிற்கும் நாளில் உதவுவது. கைது செய்யும் நாளில் உதவாது. ரிமாண்டின்போது தடய அறிவியல் ஆய்வக அறிக்கை கையில் இருக்காது, மகஜர் எடைதான் இருக்கும். அந்த எடை 50 கிராமைத் தாண்டினால் 37ஆம் பிரிவு வந்து நின்றுகொள்ளும்; குற்றம் செய்திருக்கமாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி மனநிறைவு கொண்டாலன்றி ஜாமீன் கிடையாது. அறிக்கை வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு, இந்த வாதத்தை எடுத்துச் சொல்லும் வரைக்குமான மாதங்கள் சிறையில்தான் கழியும். காளானைப் பொடித்துச் சாக்லேட்டில் கலந்து வைத்திருந்தால், கலவை அன்று என்ற வாதமும் கைவிட்டுப் போகும். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் செய்கிறார்களா என்பது உங்களுக்கே தெரியாது.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்த கஞ்சாச் செடிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. கஞ்சாச் செடி பயிரிடுவதற்கு 20ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கே சிறிய அளவு, பெரிய அளவு என்ற பேச்சே எழாது, நான்கு செடியும் பயிர்தான். அதற்கும் மேலாக, தன் நிலத்தில் கஞ்சா, அபினிக் கசகசா, கோகோ ஆகியவை சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டிருப்பது தெரிந்தால் நிலத்தை வைத்திருப்பவர் உடனே காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 46ஆம் பிரிவு கடமையாகவே விதிக்கிறது. தெரிந்தே சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. காளான் விஷயத்தில் "எனக்கென்ன கடமை" என்று வாதிடவாவது இடமுண்டு. செடி விஷயத்தில் அந்த இடமும் இல்லை, ஏழு வாரங்கள் ஓடிவிட்டன.

இனி, என் கட்சிக்காரர்கள், அதாவது என்னிடம் வழக்கை ஒப்படைத்தவர்கள், விழுந்த குழிகளைச் சொல்கிறேன். நீங்கள் மூன்றின் விளிம்பிலும் நிற்கிறீர்கள்.

முதலாவது கூடுதல் வாடகை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட பங்களாக்காரர் என்னிடம் வந்தார். அவரும் உங்களைப் போலத்தான், "தண்டமாகக் கேட்டேன், வாடகையாகக் கேட்கவில்லை" என்று சொன்னார். குற்றப்பத்திரிகையில் அவர் மூன்றாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவர். வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறிய கூடுதல் தொகை, குற்றத்தின் வருமானத்தில் பங்கு என்று எழுதப்பட்டிருந்தது. கடத்தலுக்குப் பணம் கொடுப்பதையும் அதில் ஈடுபட்டவருக்கு அடைக்கலம் தருவதையும் தண்டிக்கும் 27ஏ பிரிவைப் புலனாய்வு அதிகாரி சேர்த்துவிட்டால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 37ஆம் பிரிவின் ஜாமீன் தடை வந்துவிடும். குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. அது உங்கள் மீது நிலைக்காது என்று நான் வாதிடலாம், வெல்லவும் கூடும். ஆனால் அந்த வாதத்தைச் சிறைக்குள்ளிருந்து கேட்க வேண்டிய நிலைக்கு ஒரு ஓய்வூதியர் வரக்கூடாது. 35ஆம் பிரிவு, குற்ற மனம் எதிரிக்கு இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. இல்லை என்பதை எதிரிதான் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். கொலை வழக்கில்கூட எதிரிக்கு இத்தனை சுமை கிடையாது.

இரண்டாவது, தானே சுத்தம் செய்யப் போவது. இன்னொரு வீட்டுக்காரர் இரவோடிரவாகப் பெட்டிகளைக் காரில் ஏற்றி ஓடையில் கொட்டப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் அகப்பட்டபோது, பொருள் அவர் கையில், அவர் வண்டியில் இருந்தது. அதுவரை சாட்சியாக இருந்திருக்க வேண்டியவர் அந்த நிமிடத்தில் கைவசம் வைத்திருந்த முதல் எதிரியாகிவிட்டார். கொட்டி முடித்திருந்தாலும் தடயத்தை அழித்த குற்றம் தனியாக நிற்கும். எனவே பெட்டிகளைத் தொடாதீர்கள், செடிகளைப் பிடுங்காதீர்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அழித்தாலும் எதிர்முனைக் கைபேசியில் அது இருக்கிறது. அழித்தது மட்டும் உங்களுக்கு எதிராகப் பேசும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட நஷ்டஈட்டு வழக்கு. வாதுரையில் என்ன எழுதுவீர்கள்? "இன்ன தேதியில் வீட்டைப் பார்வையிட்டபோது காளான் வளர்ப்பைக் கண்டேன்" என்றுதானே? உங்கள் கையெழுத்தோடு, உண்மை என்ற உறுதிமொழியோடு, வழக்கு எண்ணோடு நீதிமன்றத்தில் பதிவாகும் அந்த ஒரு வாக்கியத்தைவிடச் சிறந்த ஆவணம் அரசு வழக்கறிஞருக்குக் கிடைக்காது. முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால் இளைஞர்கள் எதிர்வாதுரை போடுவார்கள்; அதில் "உரிமையாளருக்குத் தெரியும், கூடுதல் வாடகையும் வாங்கினார்" என்று எழுதுவார்கள். சுவருக்குப் பூச்சு வேலை செய்ய எழுபதாயிரம் ஆகுமா, எண்பதாயிரம் ஆகுமா? அந்தத் தொகைக்காக உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே தொகுத்துக் கொடுக்காதீர்கள். வழக்கை விட்டுவிடுங்கள், முன்பணத்தை ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ளுங்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சமரசம் முதல் வேலை ஆகாது. முதலில், இதைப் படித்த மறுநாளே ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கைபேசியையும் கொண்டு போங்கள். அவர் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு, உங்களோடு காவல் நிலையம் வந்து, எழுத்து மூலமாகத் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். தகவலில் கஞ்சாச் செடியும் காளானும் இரண்டும் இருக்க வேண்டும், பார்த்த தேதியை மாற்றி எழுதக் கூடாது. தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். சட்டம் தெரியாததும் இளைஞர்கள் மீதான இரக்கமும் காரணம் என்பது உண்மையானால் அதையே சொல்லுங்கள். கூடுதலாக வாங்கிய தொகையை இனி தொடாமல் வைத்து, அதையும் தகவலில் குறிப்பிடுங்கள். தாமதமாக வந்த தகவல் உங்களை முழுமையாகக் காப்பாற்றும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் சோதனைக்கு முன் வந்தவர் என்பதும் சோதனையில் அகப்பட்டவர் என்பதும் நீதிபதியின் கண்ணுக்கு வேறு வேறு மனிதர்கள். இளைஞர்களிடம் முன்கூட்டிச் சொல்லி எச்சரிக்காதீர்கள். அது அவர்களைத் தப்பவிட்டதாகிவிடும்.

அதன் பிறகு வீட்டை ஒப்படைக்கும் பத்திரம். அதில் "இனி யாரும் யார் மீதும் புகார் தருவதில்லை" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இப்படி எழுதிக்கொள்வது மலைப்பகுதியில் வழக்கமாக இருக்கிறது. குற்ற வழக்கை மூடிவைக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பணம் வாங்கிக்கொண்டு குற்றவாளியைக் காப்பது தனிக் குற்றமும் ஆகும். சாவி பெறப்பட்டது, முன்பணம் வங்கி மூலம் திருப்பப்பட்டது, ஒப்பந்தம் முடிந்தது என்ற மூன்று செய்திகளுக்கு மேல் அந்தப் பத்திரத்தில் எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டு மருத்துவம் பற்றி அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், பிற சிகிச்சைக்குக் கட்டுப்படாத மன அழுத்தத்துக்குச் சைலோசிபின் பரிந்துரைக்கலாம். அங்கே அது நோயாளியின் வரலாற்றை ஆராய்ந்து, அளவிடப்பட்ட மருந்தைக் கொடுத்து, மணிக்கணக்கில் அருகே இருந்து கவனிக்கும் சிகிச்சை. உங்கள் வீட்டில் வார இறுதிக்கு வருகிறவரின் குடும்பத்தில் மனப்பிறழ்வு நோய் உண்டா, அவர் மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று யார் கேட்டார்கள்? லித்தியத்தோடு இது சேர்ந்தால் வலிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. பெட்டியில் வளர்ந்தது போதாமல் காட்டில் பறித்ததையும் சேர்த்தால், ஈரலை அழிக்கும் நச்சுக் காளானைப் பிரித்தறிய இரு இளைஞர்களால் முடியுமா? மயக்கத்தில் ஒருவர் இரவில் பள்ளத்தாக்குப் பக்கம் நடந்து போனால், அடுத்த நாள் காலையில் உங்கள் வீட்டு முகவரியில் சந்தேக மரண வழக்குப் பதிவாகும். அப்போது நான் மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் போதாது. வார இறுதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.